கதவிடுக்கில் நீட்டிய கை

இடியாப்ப உரலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையை மேலே வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் அதன்மேல் இறக்குகிறார் ஜெய்தூன் பீவி. வலது கை மடியில் கிடக்கிறது. முழங்கையில் மடங்கியது மடங்கியபடியே நின்று இரண்டு வருஷமாகிறது. "ஒண்ணு பாடுபடுது, இன்னொண்ணு பாத்துக்கிட்டுக் கெடக்கு, வெக்கங்கெட்டது" என்பார். பேகம்பூரில் அவர் இடியாப்பத்துக்கு இன்னும் கிராக்கிதான். பிழியத்தான் முடியவில்லை.

அறுபத்தொன்றில் ஊரில் அம்மை கண்டபோது, வீடு வீடாக அம்மை குத்த ஆள் வந்தார். கோஷாப் பெண்கள் அந்நிய ஆணுக்கு முகம் காட்டுவதில்லை. உள்ளேயிருந்து பேரைச் சொல்லி, கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டுவார்கள். அவர் குத்திவிட்டு ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார். ஜெய்தூன் பீவி தன் பேருக்கு இடது கையை நீட்டினார். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் ஷரீஃபா, ஊசி என்றதுமே மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். "சரி, அழுகாத. ஒம் பேருக்கும் நானே நீட்டுறேன்" என்று வலது கையையும் நீட்டிவிட்டார். அந்தக் கைதான் சீழ் வைத்தது.

இப்போது நஷ்டஈடு கேட்டுச் சர்க்கார் மேல் வழக்கு. ஊசியை நெருப்பில் காட்டாமல் குத்தினார்கள் என்பது புகார். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று அவருடைய வக்கீல் கேட்டார். "கையத்தானே வெளிய நீட்டுனேன், கண்ணு இடுக்குலதான் இருந்துச்சு." பணம் வந்தால் உரல் பிழிய ஓர் ஆளைக் கூலிக்கு வைக்கலாம், வராவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். ஆனால் ரிஜிஸ்தரில் அந்த வலது கை ஷரீஃபாவுடையது. அவள் வந்து, அம்மைத் தழும்பில்லாத தன் கைகளைக் காட்டினால்தான் கேஸ் நிற்கும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"கோர்ட்டுலயே பிடிச்சுக் குத்திப்புட்டா என்ன செய்ய மதினி? அம்புட்டு ஆம்பளைக முன்னால கையத் தொறந்து காட்டவா?" என்றாள் ஷரீஃபா. மதினி கட்டாயப்படுத்தவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். மூன்று வாய்தா அப்படியே போயிற்று. அடுத்ததற்கும் சாட்சி வராவிட்டால் தள்ளுபடி என்றார் முன்சீப்.

நான்காவது வாய்தாவுக்கு, யாரும் கூப்பிடாமலே ஷரீஃபா வந்து நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் தோள்வரை திறந்து நீட்டினாள். குமாஸ்தாவும் டவாலிச் சேவகனும் எட்டிப் பார்த்தார்கள். முன்சீப் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் ஜெய்தூன் பீவி எழுந்து போய், தன் துப்பட்டியை இழுத்து அந்தக் கைகளை மூடிவிட்டார்.