நின்றபடி ஜெபித்தவர்

சாரல் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு மிஷன் துரையின் பங்களாவில் ஒரு வாரம் தங்கினேன். காலை ஜெபத்தில் விருந்தாளிகளுக்கு நாற்காலி, வேலைக்காரர்களுக்குப் பாய். நரைத்த மீசைச் சமையல்காரர் மட்டும் சுவரில்கூடச் சாயாமல் நின்றே ஜெபிப்பார்.

குசினியில் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, உக்கார மாட்டேங்கிய?"

"ஆப்பிரிக்காவுல, மொம்பாசாவுல இதே தொரைகிட்டதான் இருந்தேன், சார்வாள். அங்கன எனக்கு நாற்காலி, அந்த ஊர்க்காரனுக்குப் பாய். வெக்கமில்லாம உக்காந்தேன். இங்கன வந்ததும் எனக்கும் பாயாம்."

மறுநாள் அவர் நிற்பது பொறுக்காமல் துரையே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சமையல்காரர் அதைத் தொடவில்லை.

"எல்லாருக்கும் போடுங்க, தொரை. அப்பம் உக்காருதேன்."

துரை வேதத்தைத் திறந்தார். எனக்கு நாற்காலி சுட்டது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.