வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிடக் கை நீட்டும்போதும், "தொடட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார் ஜுவேரியா டீச்சர். "வேணாம் டீச்சர்" என்றால் கை இறங்கிவிடும், முகம் மாறாது. மயிலாப்பூரில் உள்ள அந்தப் பெண்கள் பள்ளிக்கு எட்டு வருடமாகப் பழகிப்போன காட்சி இது. "ரிப்பனுக்குமா பர்மிஷன்?" என்பார் கணக்கு வாத்தியார் வடிவேலு. "அதுல ஆரம்பிச்சாத்தான் சார் மத்ததுக்கும் வரும்."

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எட்டாம் வகுப்பு பெஞ்சுகள் பஸ் சீட்டுகளாகிவிடும். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உரசுகிற ஆளாக டீச்சரே வந்து நிற்பார். ஒரு முழம் தள்ளித்தான்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா," என்றாள் ஹம்சினி.

"அவன் உனக்கு அண்ணனா?"

"இல்ல டீச்சர். எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுவோம்."

"திரும்பச் சொல்லு."

மறுபடியும் அண்ணாதான் வந்தது. பொறுக்கமாட்டாமல் நொச்சிக்குப்பத்து தர்ஷினி எழுந்தாள். "யோவ், இன்னா பண்ணிக்கினு கீற? கைய எடு." வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. குடையோடு இரண்டடி பின்வாங்கினார்.

"சில சமயம் தொண்டை அடைச்சிக்கும். சத்தமே வராது. அதுவும் உங்க தப்பு இல்ல. பெரியவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

"டீச்சரே நம்பலேன்னா?" என்று கேட்டாள் ஹம்சினி.

டீச்சர் குடையை மேஜைமேல் வைத்தார். "இன்னொரு டீச்சர்கிட்ட போ. நம்புற ஆள் கிடைக்கிறவரைக்கும் விடாதே."

எட்டு வருடத்துக்கு முன், பத்தாம் வகுப்பு சாருலதா அவரிடம்தான் வந்தாள். தோளில் கை வைக்கிற டியூஷன் சாரின் கை அங்கேயே நிற்பதில்லை என்றாள். அந்த டியூஷனுக்குச் சிபாரிசு செய்ததே ஜுவேரியா டீச்சர்தான். "தட்டிக்கொடுத்திருப்பாரும்மா. பரீட்சை நேரத்துல இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதே," என்றார். "சரி டீச்சர்" என்று போன பெண் அதற்கப்புறம் அவரிடம் பாடத்தில்கூடச் சந்தேகம் கேட்டதில்லை. ஆறு மாதம் கழித்து வேறு இரண்டு பெண்களின் பெற்றோர் போலீசுக்குப் போனார்கள். அதற்குள் சாருலதா பள்ளியை விட்டே போயிருந்தாள்.

இப்போது அவளுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு வங்கியில் வேலை. மன்னிப்புக் கேட்க டீச்சர் நான்கு முறை போயிருக்கிறார், இன்னும் கேட்கவில்லை. போன வாரம் அவள் இருந்த மூன்றாம் கவுன்ட்டரில் டீச்சருடைய டோக்கன் எண் எரிந்தது. சாருலதா நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் எழுந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரிடம், "நீங்க போங்க ஐயா," என்று தன் டோக்கனைக் கொடுத்துவிட்டு, மெஷினிடம் போய் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.