கடைசியாக இறங்குபவர்

எங்கள் மலையில் வளப்பூர் நாட்டு ஊர்களிலிருந்து செம்மேட்டுச் சந்தைக்குச் செல்லும் பேருந்தில் அவர் எனக்கு எதிரே அமர்வார். நெடிய உடல், எப்போதும் குனிந்த தலை. எல்லோரும் இறங்கிய பின்னரே இறங்குவார். யாரோடும் பேசாமல் பதிகம் ஓதியபடி செல்லும் நான், அவரும் என்னைப் போல மௌனத்தை விரும்புபவர் என்றே எண்ணியிருந்தேன்.

அன்று அவர் இறங்குவதற்குள் அவருடைய மிளகு மூட்டையை வேறொருவர் தமதென்று எண்ணித் தூக்கிச் சென்றுவிட்டார். இவர் பின்தொடர்ந்து ஓடி, ஒன்றும் சொல்லாமலே அதைப் பற்றி இழுத்தார். உடனே "திருடன்!" என்று கூச்சல் எழுந்தது. ஒரு தடி அவர் காதோரத்தைப் பிளந்தது. விழுந்தவரின் விலாவில் மாறிமாறி மிதித்தார்கள்.

"யாரு மூட்டைடா இது? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவர் உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. குருதி மூட்டையின்மேல் சொட்டியது.

நான் உள்ளே புகுந்து, "நிறுத்துங்க! அது அவரு மூட்டைதானுங்க. பஸ்ஸுல ஏத்தறப்பவே பாத்தேன்" என்று கத்தினேன். அடி நின்றது.

காயத்தைத் துடைத்தபடி கேட்டேன்: "ஏனுங்க, என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லத்தானுங்க பாத்தேன். அத்தன பேரும் எம் மூஞ்சியவே பாத்தாங்க, வார்த்தையே வரலீங்க. அடிக்கறப்ப கண்ண மூடிக்கலாமுங்க. அதுவே தேவலைன்னு இருந்துச்சு." தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்ககிட்டக் கூடப் பேசோணும்னு ரொம்ப நாளா ஆசைதானுங்க."

மூன்றாண்டுகள் அவர் எதிரே அமர்ந்து ஆண்டவனை அழைத்திருக்கிறேன். அவரிடம் ஒருமுறையும் நலம் கேட்டதில்லை. அதை மரியாதை என்றே எண்ணியிருந்தேன்.