சக்கரத்தில் சுற்றிய ஷால்

பத்து வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு இந்த வருடம்தான் திண்டுக்கல் திரும்பினோம். அங்கே என் மகளுக்குச் சீருடை என்றால் சட்டையும் முட்டி வரை பாவாடையும்தான். பஸ்ஸுக்கு ஓடினாலும் தடுக்காது. இங்கே ஒன்பதாம் வகுப்பில் சுடிதாருக்கு மேல் ஷால் கட்டாயம். அது நழுவியதற்காக முதல் வாரமே அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். மறுநாள் நானே இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நத்தம் ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் கத்தினார்: "ஏம்மா, வண்டிய நிப்பாட்டு! பிள்ள ஷாலு வீலுக்குள்ள போகுது!"

பிரேக் பிடிப்பதற்குள் ஷால் அவள் கழுத்தை இறுக்கிப் பின்னால் இழுத்தது. நல்லவேளை, துணி கிழிந்தது.

பள்ளி வாசலில் டீச்சர் கேட்ட முதல் கேள்வி: "ஷால் எங்க?"

"பிள்ள கழுத்தப் பாருங்க டீச்சர்," என்றேன்.

"எல்லாப் பிள்ளைகளும் போட்டுட்டுத்தானம்மா வருதுக?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. மற்ற பிள்ளைகளுக்கு மட்டும் கழுத்து இரும்பிலா செய்திருக்கிறது?

இப்போது ஷால் புத்தகப் பையில்தான் போகிறது. பள்ளி வாசலில்தான் தோளுக்கு ஏறும். கிழிந்ததை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஷால் பறக்க வண்டியில் போகும் பள்ளிப் பிள்ளையைக் கண்டால், ஓட்டுகிறவரை நிறுத்தி அதை விரித்துக் காட்டுகிறேன். சக்கரத்தின் கறை அதில் அப்படியே இருக்கிறது. நான் துவைக்க மாட்டேன்.