எய்விந்தூர் போட்ட ஓட்டு

மனைவி ஸ்டெய்னுன் மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குக் கப்பலேறிய நாளில் எய்விந்தூருக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. காலையிலேயே குடித்திருந்தான். "குடியை விட்ட அன்னைக்கு ஒரு வரி எழுதுங்க. அதுவரைக்கும் எழுத வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கப்பலுக்குப் போகும் படகில் ஏறினாள்.

ஆறு வருடம் ஆயிற்று. கிழக்கு ஐஸ்லாந்தின் அந்தச் சின்னத் துறையில் அவனும் ஒரு மீன்படகும் மட்டும். குடியை விடப் பார்த்தான், நாலு நாளுக்கு மேல் தாங்கவில்லை.

1908 செப்டம்பரில் நாடு முழுக்கச் சாராயத்தைத் தடை செய்யலாமா என்று ஓட்டு வைத்தார்கள். வாக்குச்சாவடி வாசலில் கூட்டாளி பிராந்தூர் அவன் முதுகில் தட்டினான்.

"உன் ஓட்டு எதுக்குன்னு ஊருக்கே தெரியும்டா! நீ தடைக்குப் போட்டா கடைக்காரன்ல பட்டினி கிடப்பான்!"

எல்லோரும் சிரித்தார்கள். எய்விந்தூரும் சிரித்தான். உள்ளே போய்த் தடை வேண்டும் என்று குறியிட்டான். தன்னால் முடியாததைச் சட்டமாவது செய்யட்டும் என்று நினைத்தான்.

தடை ஜெயித்தது. ஆனால் கடைகளில் விற்பனை அடியோடு நிற்க 1915 ஆகும் என்று பிறகு சட்டம் வந்தது. அந்த வருடங்களையும் அவன் குடித்தே கழித்தான்.

கடைசியில் கடை அலமாரி காலியானது. அந்த ஜனவரியில் குடியில்லாமல் உடம்பு நடுங்க, தனியாகப் படுத்துக் கிடந்தான். எட்டிப்பார்க்க ஆளில்லை. வசந்தத்தில் பிராந்தூர் ஒரு அந்நியக் கப்பலில் வாங்கிய புட்டியோடு வந்தான்.

"எனக்கு வேணாம். அன்னைக்கு நான் தடைக்குத்தான் போட்டேன்."

"நீயா? கூடவே இருந்து கழுத்தறுத்துட்டியேடா!" புட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனவன் அப்புறம் வரவேயில்லை.

ஒரு வருடம் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தபின் எய்விந்தூர் காகிதம் எடுத்தான். 'விட்டுவிட்டேன்' என்று எழுதினான். வேறு எதுவும் எழுத வரவில்லை.

கோடையில் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து பதில் வந்தது. கையெழுத்து புதிது. மகள் எழுதியிருந்தாள்: 'அம்மா இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு அப்பா. தபால் வர்ற நாளெல்லாம் வாசலுக்குப் போய் நிப்பாங்க. உங்க முகம் எனக்கு ஞாபகமில்ல. ஒரு படம் அனுப்புங்க.'

படம் எடுக்க அவன் அரை நாள் படகு வலித்துப் பக்கத்து ஊருக்குப் போனான்.

"முகத்த இவ்வளவு இறுக்கமா வெச்சுக்காதீங்க ஐயா. யாருக்கு அனுப்பப் போறீங்க?" என்றார் படக்காரர்.

"என் மகளுக்கு" என்றான் எய்விந்தூர். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. குரல் உடைந்தது.

படக்காரர் அவன் நிதானப்படும்வரை காத்திருந்தார்.