கெஸ்ட்டுக்குக் கதவு திறந்த கதை

பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியை உள்ளே விடும் ‘கெஸ்ட்’ கணக்கை இயக்கிவிட்டால் வீட்டிலுள்ள எந்த லேப்டாப்பும் பழைய கம்ப்யூட்டருக்குள் தானாகப் போய்வரும் என்று நம்பியவன் நான். நம்பியதுகூடப் பரவாயில்லை; மனைவியிடம் சொல்லியும் விட்டேன்.

அவள் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியை. மறுநாள் தேர்வுக்கான கேள்வித்தாளை எங்கள் அஸ்தினாபுரம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் தட்டி வைத்திருந்தாள். அதில் பென் டிரைவ் செருகும் ஓட்டைகள் எப்போதோ செத்துவிட்டன, மெயிலும் திறக்காது. கேள்வித்தாள் அவளது லேப்டாப்புக்கு வந்தாக வேண்டும்.

“அஞ்சு நிமிஷம்” என்றேன்.

கெஸ்ட்டை இயக்கினேன். லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. கெஸ்ட்டுக்கு ஏது பாஸ்வேர்டு? எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் கல்யாண நாளை அடித்தேன்.

“அது நம்ம கல்யாண நாளே இல்லீங்க” என்றாள் பின்னாலிருந்து.

ஒருவழியாக, கம்ப்யூட்டரின் உள் அமைப்புகளில் ஒரு இடத்தைப் பிடித்தேன்: நெட்வொர்க் வழியாக வந்தால் உள்ளே விடக் கூடாதவர்களின் பட்டியல். அங்கே கெஸ்ட்டின் பெயர்! பத்திரிகையும் வைத்துவிட்டு, மண்டப வாசலில் ‘இவரை விடாதே’ என்றும் சொல்லிவைத்த மாதிரி. பெயரைத் தூக்கினேன். கேள்வித்தாள் லேப்டாப்பில் பளிச்சென்று திறந்தது. நாற்காலியில் சாய்ந்து காபி கேட்டேன்.

காபி வரவில்லை.

“ஏங்க, இப்ப பாஸ்வேர்டு இல்லாம யார் வேணா உள்ள வரலாமா?”

“நம்ம வைஃபைல இருக்கிறவங்க மட்டும்தான்.”

“மாடியில இருக்கிற பொண்ணுங்களும் நம்ம வைஃபைதானே?”

மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் அவளுடைய மாணவிகள். குடிவருகிறவர்களுக்கு மோட்டார் சுவிட்சைக் காட்டும்போதே வைஃபை பாஸ்வேர்டையும் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

“அதுங்க ரீல்ஸ் பாக்கவே நேரம் பத்தல. இதையா வந்து பாக்கப் போகுதுங்க?” என்றேன்.

அவள் கெஸ்ட்டை மூடச் சொன்னாள். அந்தக் கேள்வித்தாளை மொத்தமாக அழித்துவிட்டு, லேப்டாப்பிலேயே புதிதாக வேறொன்று தயாரித்தாள். வீண் வேலை, வெறும் சந்தேகம் என்று தேர்வு நடந்து முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தேர்வு எழுதிவிட்டு வந்த மாடிப் பெண் ஒருத்தி, படியேறும்போது என்னைப் பார்த்து நின்றாள்.

“அங்கிள், மொதல்ல இருந்த பேப்பரே ஈஸியா இருந்துச்சு. மேம் ஏன் மாத்துனாங்க?”