வாசலில் சொல்ல வேண்டியது

என் வீட்டுக்காரருக்குத் தலையில் அடிபட்டு இரண்டு வருடமாகிறது. எங்கள் விருத்தாசலத்து மணிமுத்தாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பைக் சறுக்கியது. கை கால் தப்பியது. பேச்சும் தப்பியது, தொல்லையே அதில்தான். எதை, யாரிடம், எப்போது பேசுவது என்ற நிதானம் மட்டும் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தால், "உங்க பையன் இன்னும் எத்தனை தடவ பெயிலாவான்?" என்பார். அந்த அக்காவின் முகம் சுருங்குவது அவர் கண்ணுக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போயும் விடுவார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா நான்கு விதி சொன்னார். அவற்றைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முகத்தைப் பார்க்கணும். சிரிக்கணும். கேட்டதற்கு மட்டும் பதில். கிளம்பும்போது 'போயிட்டு வரேன்'. இந்தக் கடைசி விதிதான் அவருக்கு ஏறவே இல்லை. மளிகைக் கடையோ கோயிலோ, எந்த வாசலுக்கு வந்தாலும் "போயிட்டு..." என்று நான் எடுத்துக் கொடுப்பேன், "வரேன்" என்று அவர் முடிப்பார். முழுசாகச் சொன்னால் "ம், சரி" என்பேன், வாத்தியாரம்மா மார்க் போடுவது போல. மறந்தால் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன்.

அவர் பீங்கான் கம்பெனியில் இருந்தார். கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் சூளையிலிருந்து வந்ததும் தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே விரிசல் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை. அடிபட்ட பிறகும் அந்தக் காது அப்படியேதான் இருந்தது. முதலாளி நல்லவர், ஒரு நாள் வரச் சொன்னார். அன்றைக்கென்று சரக்கெடுக்க வந்த வியாபாரியிடம் இவர், "இந்த லோடுல பாதி தேறாதுங்க" என்றுவிட்டார். அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நாலு பேர் இருக்கிற எடத்துல பதமா இருக்காருன்னு தெரியட்டும்மா, அப்புறம் கூப்புடறேன்" என்றார் முதலாளி. வருடம் ஒன்றாகியும் கூப்பிடவில்லை. பகலெல்லாம் வீட்டுக் கிண்ணங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் பெண்ணாடத்தில் முதலாளியின் அண்ணன் இறந்துபோனார். போகாமல் இருக்க முடியாது. நாலு பேர் இருக்கிற இடம் என்றால் இதைவிட வேறு எது?

பஸ்ஸில் ஏறியதும் பாடத்தை ஆரம்பித்தேன். இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் முக்கால் மணி நேரத்தில் மாற்ற வேண்டும்.

"அங்க சிரிக்கக் கூடாதுங்க. ரெண்டு கையயும் நீட்டி மொதலாளி கையத் தொடுங்க. பேசாதீங்க. கெளம்பறப்ப போயிட்டு வரேன்னு சொல்லவே கூடாது."

"ஏன்?"

"சாவு வூட்டுக்குத் திரும்பி வரேன்னு யாராவது சொல்லுவாங்களா? பேசாம எழுந்து வந்துடணும்."

"நீதான எல்லா எடத்துலயும் சொல்லுன்னே?"

"இங்க வேணாம்!" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். இறங்குவதற்குள் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

ஆண்கள் வெளியே பந்தலில், பெண்கள் உள்ளே. நான் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். செத்தவருக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். கண் முழுக்கப் பந்தலில்தான் இருந்தது. முதலாளிக்குக் கை நீட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்க, ஒரு வார்த்தையில் பதில் சொல்லி நிறுத்தினார். திடீரென்று யாருடைய போனோ குத்துப்பாட்டாக அலறியது. அவர் முகம் மலரத் தொடங்கியது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தலை குனிந்து தன் செருப்பையே பார்த்தார். பாட்டு நிற்கும்வரை நிமிரவில்லை.

உடலை வண்டியில் ஏற்றிய பிறகு எழுந்தேன். முதலாளி சுடுகாட்டுக்குப் புறப்பட வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் உதட்டை இறுக்கி மூடியபடி என் பக்கத்தில் வந்து நின்றார். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. கண்ணெதிரே வாசல்.

"போயிட்டு வரேங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

"என்னாடி பேச்சு இது?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். குரலைத் தாழ்த்தத் தெரியாத என் வீட்டுக்காரர் பந்தலுக்கே கேட்கும்படி, "அதச் சொல்லக் கூடாதுன்னு பஸ்ஸுல பத்து தடவ சொன்னியே!" என்றார். முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஒரு வருடக் காத்திருப்பை ஒரே வார்த்தையில் கெடுத்தவள் நான்.

"ஏன் சொன்னே?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"தெரியலைங்க. கூடாதுன்னு தெரியும். அதுக்குள்ள வாய் சொல்லிடுச்சி."

"எனக்கு எப்பவும் அப்பிடித்தான்" என்றார்.

அவரிடம் நான் கத்திய கத்தல் அத்தனையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விருத்தாசலம் வரும்வரை தலை நிமிரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முதலாளி போன் செய்தார். "திங்கக்கெழமையில இருந்து அவர அனுப்பும்மா. பந்தல்ல பார்த்தேன், நல்லாத்தான் இருக்காரு." போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "நீ கூட வர வேணாம்." அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டுப் பையோடு வாசலுக்கு வந்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். படியிறங்கியவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்."

'ம், சரி' என்று நாக்கு வரை வந்தது. இரண்டு வருடமாக அதற்குரிய பதிலை நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

"போயிட்டு வாங்க" என்றேன்.